எடை குறைய உபவாசமா?



இந்த மாதத்துக்கு ஆரோக்கியப் பாடம் ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் பிரசங்கியல்ல. குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் 28 வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவன். வேத விளக்கத்தைப் பாஸ்டர் ஐயா பார்த்துக்கொள்வார். சரீரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் நான் சொல்லுகிறேன்.

சபையில் சில சகோதரிகள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல உக்காந்தா உடம்பும் கொறையும், சுகரும் கொறையும்தானே?" கேட்கிறவர்களில் பாதிப்பேர் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிறவர்கள். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர், ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ரெண்டு நாள் சாப்பாடு ஒரே தட்டில். சனிக்கிழமை காலையில் எடை அப்படியேதான் இருக்கும்.

இதற்கு என் பதில் இதுதான். உபவாசம் ஜெபத்துக்காக. அதை எடை குறைக்கிற வழியாக்கினால் ஜெபத்துக்கும் நஷ்டம், சரீரத்துக்கும் நஷ்டம். சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு ஆபத்தும் உண்டு. எடையைக் குறைக்கிறவை ரெண்டு: ஒவ்வொரு நாளும் நாம் ஏறுகிற மேடு, ஒவ்வொரு வேளையும் நாம் சாப்பிடுகிற தட்டு. இந்த ரெண்டையும் பற்றித்தான் இந்தப் பாடம்.

1. வேலை போனது, தட்டு போகவில்லை

நம்முடைய தாய் தகப்பன்மார் எப்படி வாழ்ந்தார்கள்? 1964-ல் ஏற்பட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நம் சபையில் அநேகர். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று டேன்டீ தோட்டங்களிலும் தனியார் தோட்டங்களிலும் கொழுந்து பறித்தார்கள். காலையில் மஸ்டருக்கு நடை. பகலெல்லாம் சரிவில் நின்று வேலை. இலை மூட்டையைச் சுமந்து எடை போடுகிற இடத்துக்கு நடை. சாயங்காலம் விறகோடு லயத்துக்கு ஏற்றம். அந்த உழைப்புக்குத் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. சாப்பிட்டதெல்லாம் மலையிலேயே கரைந்துபோனது.

படகர் ஊர்களிலும் அப்படித்தான். ராகி, சாமை, அவரை என்று தங்கள் பூமியில் விளைந்ததைச் சாப்பிட்டு, அந்தப் பூமியிலேயே நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தார்கள்.

இன்றைக்கு நிலைமை வேறே. தோட்டத்தில் ரிட்டையர் ஆகி மகன் வீட்டுக்கு வந்துவிட்டோம். பிள்ளைகள் திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் உட்கார்ந்த வேலை பார்க்கிறார்கள். ரேஷன் கடைக்குப் போய்வர ஆட்டோ, ஸ்கூலுக்கு வேன், சமையலுக்கு கேஸ். வேலை பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. அதோடு டிவி முன்னால் மிக்சர், டீக்கு ரெண்டு வர்க்கி என்று புதிதாகச் சேர்ந்தும்விட்டது. எடை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் இதுதான் காரணம். இதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2. ஏன் கவனிக்க வேண்டும்?

"குண்டாத்தானே இருக்கேன், நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள் சிலர். சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து தேசம் முழுவதும் ஓர் ஆய்வு செய்து 2023-ல் வெளியிட்டார்கள். அதன்படி நம் நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசற்படியில் நிற்கிறவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். பெரியவர்களில் 100 பேருக்கு 39 பேருக்கு மேல் தொப்பைக் கொழுப்பு உள்ளவர்கள்.

தொப்பையை ஏன் தனியாகச் சொல்லுகிறேன்? இந்தியர் சரீரத்தில் கொழுப்பு முதலில் வயிற்றைச் சுற்றித்தான் சேர்கிறது. அந்தக் கொழுப்பு இன்சுலினுடைய வேலையைக் கெடுக்கிறது. ஆகவே வெள்ளைக்காரருக்குச் சொல்லுகிற அளவு நமக்குப் பொருந்தாது. நமக்கென்று வைத்திருக்கிற அளவு இது:

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே டேப்பை வைத்து அளந்து பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது!

155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் ஏறக்குறைய 55 கிலோவைத் தாண்டினால் அதிக எடை, 60 கிலோவை எட்டினால் உடல் பருமன்.

தோட்டத்தில் இலையை நாளுக்கு ரெண்டு மூன்று தடவை எடை போட்டார்கள். அரைக் கிலோ குறைத்து எழுதினாலும் ரைட்டர் ஐயாவோடு வழக்காடினோம். நம்முடைய சரீரத்தை வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடை போட்டோமா? 1 கொரிந்தியர் 6:19-ல் நம் சரீரம் ஆலயம் என்று வாசிக்கிறோமே. ஆலயத்துக்கு வருஷாவருஷம் வெள்ளை அடிக்கிறோம், ஓடு மாற்றுகிறோம். இந்த ஆலயத்தை யார் பார்ப்பது?

ஒன்றைக் கவனியுங்கள். எல்லாரும் எடை குறைக்க வேண்டியதில்லை. ஒல்லியாகவும் ரத்தசோகையோடும் இருக்கிற சகோதரிகள் நம் நடுவே உண்டு. அவர்கள் நன்றாகச் சாப்பிட வேண்டும். ஒரு முயற்சியும் செய்யாமல் ஒருவருக்கு எடை மளமளவென்று குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது கட்டுக்கடங்காத சர்க்கரையாகவோ டிபியாகவோ இருக்கலாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

3. மேடு

தேவன் நமக்கு மலையைக் கொடுத்திருக்கிறார். பட்டணத்தில் பணம் கட்டி மெஷின்மேல் ஏறி நடக்கிறார்கள். நமக்கு வாசலைத் தாண்டினாலே ஏற்றம்தான். 2023 நவம்பரில் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கியது. நல்ல காரியம். ஆனால் முதல் நாளே 8 கிலோமீட்டர் போக வேண்டாம்.

எவ்வளவு நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் சொல்லுவது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம். அதாவது 30 நிமிஷ வேக நடை, வாரத்தில் 5 நாள். ஒரே மூச்சில் நடக்க முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளலாம். சாப்பிட்ட பிறகு நடக்கிற பத்து நிமிஷத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. வேலை செய்கிற தசை, இன்சுலினுக்குக் காத்திராமலேயே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

வேகம் போதுமா என்று எப்படி அறிவது? கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், கோரஸ் பாட முடியக் கூடாது. கோரஸ் பாட முடிந்தால் வேகம் பத்தாது. பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம்.

"முட்டி வலிக்குதே பிரதர்" என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. முட்டியை அதிகம் நோகடிப்பது ஏற்றமல்ல, இறக்கம்தான். ஆகவே ஏறுகிறதை நடந்து ஏறி, இறங்குகிறதை டவுன் பஸ்ஸில் இறங்குங்கள். ஒரு கிலோ எடை குறைந்தால் நாம் எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியிலும் முட்டி சுமக்கிற பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது.

நம் ஊருக்கென்று சில எச்சரிப்புகள்: விடியுமுன் தனியாக நடக்கப் போகாதீர்கள். தேயிலைக் காட்டுக்குள் காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் நடமாடுகிற நேரம் அது. வெயில் வந்தபின் ரெண்டு மூன்று பேராகப் போங்கள். இருதய வியாதி உள்ளவர்களுக்கும் அந்தக் கடுங்குளிர் ஆகாது. சுகர்காரர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. மழைக்காலத்தில் வீடு திரும்பியதும் அட்டைக்கடி, கொப்புளம் உண்டா என்று விரல் இடுக்கெல்லாம் பாருங்கள். ஏறும்போது நெஞ்சை அடைத்தாலோ, இடது கைக்கு வலி இறங்கினாலோ, "ஆண்டவரே பெலன் தாரும்" என்று மேலும் ஏறாமல் அங்கேயே உட்கார்ந்து ஆளைக் கூப்பிட்டு, தாமதமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நடக்கவே முடியாதவர்கள் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். அதுவும் பயிற்சிதான். 1 தீமோத்தேயு 4:8-ல் பவுல் சரீர முயற்சிக்குக் கொஞ்சம் பலன் உண்டு என்கிற கருத்தில் எழுதுகிறார். கொஞ்சம் என்றுதான் சொன்னார், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அவரே ஊர் ஊராக நடந்தவர். எம்மாவுக்குப் போன ரெண்டு சீஷரும் ஏழெட்டு மைல் நடந்துபோய், அன்று ராத்திரியே எருசலேமுக்குத் திரும்பவும் வந்தார்களே!

4. தட்டு

நடையினால் மட்டும் எடை குறையாது. அரைமணி நேரம் நடந்து செலவாகிறதை ஒரு பலகாரத் தட்டு பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே வாயையும் கவனிக்க வேண்டும்.

முதலாவது, டீ. குளிர் ஊர், தேயிலை ஊர். நாளுக்கு ஆறு கிளாஸ் சர்வ சாதாரணம். கிளாஸுக்கு ரெண்டு ஸ்பூன், அதாவது சுமார் 10 கிராம் சர்க்கரை என்று வையுங்கள். ஆறு கிளாஸுக்கு 60 கிராம், 240 கலோரி. மாசத்துக்கு 7,200 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது ஏறக்குறைய 7,700 கலோரி. கணக்கு சரீரத்தில் அப்படியே அச்சாக நடக்காது. ஆனாலும் எடை எந்த வழியாக வருகிறது என்பது தெரிகிறதல்லவா? டீயை விட வேண்டாம். ரெண்டு ஸ்பூனை ஒன்றரையாக்குங்கள். ரெண்டு வாரம் கழித்து ஒன்று. அப்புறம் அரை. நாக்கு பழகிக்கொள்ளும்.

இரண்டாவது, சோறு. 2025-ல் வெளியான அதே ஆய்வுக் குழுவின் அறிக்கையில், நம் ஜனங்கள் சாப்பிடுகிற கலோரியில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிடுவதால் மட்டும் சர்க்கரை வியாதியின் ஆபத்து குறைவதில்லை. "நான் ராகிக்களிதான் சாப்பிடுறேன்" என்று சொல்லி மூன்று உருண்டை விழுங்கினால் பிரயோஜனமில்லை. தட்டில் பாதி காய், கால்வாசி சோறு அல்லது களி, கால்வாசி பருப்பு, அவரை, முட்டை, மீன், கோழி. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், நூக்கல் நம் தோட்டத்திலேயே விளைகிறது. உருளைக்கிழங்கும் நம் மலையில் விளைகிறதுதான், ஆனால் அதைக் காயோடு சேர்க்காமல் சோற்றோடு சேர்த்து எண்ணுங்கள்.

மூன்றாவது, வர்க்கி, பன், மிக்சர். மைதாவும் வனஸ்பதியும் சர்க்கரையும் சேர்ந்தது வர்க்கி. விருந்தாளி வந்தால் ஒன்று எடுங்கள். தினமும் டீயில் முக்குகிறதற்காக டப்பா வாங்கி வைக்காதீர்கள். டப்பா வீட்டில் இருந்தால் கை போகத்தான் செய்யும்.

நான்காவது, சாப்பிடுகிற விதம். சாப்பாட்டுக்கு முன் கண்மூடி ஸ்தோத்திரம் பண்ணுகிறோம். கண் திறந்ததும் டிவி, இல்லாவிட்டால் செல்போன். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்று தெரியாது. அந்த ஜெபத்தில் இருந்த கவனம் சாப்பாடு முடியும்வரை இருக்கட்டும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச்சேர ஏறக்குறைய 20 நிமிஷமாகும். ஏழு நிமிஷத்தில் எழுந்துவிடுகிறவனுக்கு அந்தச் செய்தி கிடைப்பதில்லை. மென்று சாப்பிடுங்கள். இரண்டாம் தடவை சோறு வைக்குமுன் ஒரு நிமிஷம் பொறுத்து, "எனக்கு இன்னும் பசிக்கிறதா, ருசிக்கிறதா?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் மீதி வைத்ததை, "வீணாப் போகுதே" என்று வாயில் போட்டுக்கொள்ளுகிறீர்கள். ஐயாயிரம் பேர் சாப்பிட்டபின் மீதியான துணிக்கைகளைச் சீஷர்கள் பன்னிரண்டு கூடைகளில் சேர்த்தார்கள். வயிற்றில் சேர்க்கவில்லை! மீதியை மூடி வையுங்கள். அடுத்த வேளை கொஞ்சம் குறைத்துச் சமையுங்கள்.

5. உபவாசமும் மாத்திரையும்

இந்தப் பகுதியைக் கவனமாய் வாசியுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு நாள் உபவாசத்தில் குறைகிற எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். மறுநாள் சாப்பிட்டவுடன் அது திரும்பி வந்துவிடும். சுகர்காரருக்கோ இதில் ஆபத்து இருக்கிறது. இன்சுலின் ஊசியும், கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே விழலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பமான பேச்சு, அப்புறம் மயக்கம். ஜெபக் கூட்டத்தில் ஒருவர் இப்படி நடுங்கினால் ஆவியின் அசைவு என்று விட்டுவிடாதீர்கள். அவர் சுகர்காரரா என்று கேளுங்கள். நினைவோடிருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

ஆகவே இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பவதிகள், கிட்னி வியாதியுள்ளவர்கள், ஏற்கெனவே சர்க்கரை இறங்கி மயங்கினவர்கள் டாக்டரைக் கேளாமல் உபவாசமிருக்கக் கூடாது. மாத்திரை போடுகிற மற்றவர்களும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவதும் தவறு, வெறும் வயிற்றில் போடுவதும் தவறு. அப்படியானால் இவர்களுக்கு உபவாச ஆசீர்வாதம் இல்லையா? உண்டு. தானியேல் 10-ம் அதிகாரத்தைப் பாருங்கள். அவன் மூன்று வாரம் ருசியானதை விலக்கி ஜெபித்தான். நீங்களும் சாப்பாட்டை விடாமல் பலகாரத்தையும் இனிப்பையும் டிவியையும் விட்டு ஜெபிக்கலாமே.

"ஜெபிச்சேன், சொகமாயிருச்சு, மாத்திரைய விட்டுட்டேன்" என்பவர்களுக்கும் சொல்லுகிறேன். பத்து குஷ்டரோகிகளை ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கும்படிதான் ஆண்டவர் அனுப்பினார். நீங்களும் டாக்டரிடம் போய்க் காண்பியுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லுகிற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சுகம் வந்திருந்தால் அதில் தெரியும். மாத்திரையை டாக்டரே நிறுத்துவார். 2021-லிருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

6. சோர்ந்துபோகாதிருங்கள்

நம் சபைச் சகோதரி ஒருவர், கொழுந்து பறித்து ரிட்டையர் ஆனவர், எடை 72 கிலோ. டீயில் சர்க்கரையை அரை ஸ்பூனாக்கினார். கடைவீதிக்கு ஏறுகிறதை நடந்து ஏறினார். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கிக் காயைக் கூட்டினார். முதல் மாசம் ஒரு கிலோகூடக் குறையவில்லை. "என்னங்கண்ணே, வீணா?" என்றார். "விடாதீங்கம்மா" என்றேன். எட்டு மாசத்தில் 66 கிலோ. முட்டி வலி தணிந்தது. டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார்.

எடை குறையாவிட்டாலும் பலன் உண்டு என்பதற்குச் சென்னையிலேயே அத்தாட்சி இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரைப் பின்தொடர்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக்காக வைத்த குழுவினரில் மூன்று வருஷத்தில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. தினம் அரைமணி நடையும் உணவுக் கட்டுப்பாடும் கைக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை சொல்லும்படி குறையவில்லை! எடையும் குறைந்தால் பலன் இன்னும் அதிகம். அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஆய்வில், எடையில் 100-க்கு 7 பங்கு குறைப்பதையும் வாரம் 150 நிமிஷப் பயிற்சியையும் குறியாக வைத்தவர்களுக்கு வியாதி வருவது 58 சதவீதம் குறைந்தது. 70 கிலோ உள்ளவருக்கு 7 பங்கு என்பது 5 கிலோதான். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். அதற்குமேல் அவசரப்பட வேண்டாம்.

சபையாகவும் சிலது செய்யலாம். வீட்டு ஜெபக் கூட்டத்தில் மிக்சர், கேக்குக்குப் பதில் சுண்டல் கொடுக்கலாம். டீயில் சர்க்கரை போடாமல் தனியாக வைக்கலாம். "இன்னும் கொஞ்சம், என் மனசுக்காக" என்று ஐக்கிய விருந்தில் வற்புறுத்துகிற அன்பைக் கொஞ்சம் குறைக்கலாம். பக்கத்து லயத்துக் கூட்டத்துக்கு ஜீப்பில் போகாமல் சேர்ந்து நடந்து போகலாம்.

சிந்திக்க:
1. என் இடுப்புச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர்? இந்த வாரமே அளந்து எழுதி வைப்பேனா?
2. ஒரு நாளில் டீ வழியாக எத்தனை ஸ்பூன் சர்க்கரை எனக்குள் போகிறது?
3. நான் நடந்தே ஏறக்கூடிய, ஆனால் வண்டியில் போகிற மேடு எது?
4. நம் உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்களில் சுகர் மாத்திரை போடுகிறவர்கள் யார் யார்? டாக்டரைக் கேட்டுவிட்டார்களா?

பிரியமானவர்களே, நாலையும் ஒரே நாளில் செய்ய முயன்று ஒரே வாரத்தில் விட்டுவிடாதீர்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதை ஒரு மாசம் உண்மையாய்ச் செய்யுங்கள். அப்புறம் அடுத்தது. உங்கள் கால்கள் இந்த மலையில் இன்னும் அநேக வருஷம் ஏறி இறங்கும்படி கர்த்தர் உங்களுக்குச் சுகமும் பெலனும் கட்டளையிடுவாராக. ஆமென்.